லீவு கேட்டார், வீடு போய்ச் சேரவில்லை!
தோட்டம் போட ஆசைப்பட்ட தளபதியின் கதை

ரிட்டையர் ஆனதும் ஊருக்குப் போய்த் தோட்டம் போடவேண்டும் என்று நினைக்காதவர் உண்டா? இங்கிலாந்து கடற்படைத் தளபதி காலிங்வுட்டுக்கும் அதே ஆசைதான். நடந்ததோ வேறு!

1748-ல் நியூகாசில் நகரில் பிறந்தவர் இவர். 12 வயதிலேயே கப்பல் ஏறிவிட்டார். 1791-ல் கல்யாணம். அடுத்தடுத்து 2 பெண் குழந்தைகள். மார்பெத் என்ற சின்ன ஊரில் வீடு. கூடவே தோட்டம்.

குழிக்குள் தளபதி

1802-ல் பிரான்சுடன் சமாதானம் ஆனதும் வீடு திரும்பினார். மகள்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மற்ற நேரம் மண்வெட்டியும் கையுமாக இருந்தார்.

ஒருமுறை அவரைப் பார்க்க இன்னொரு தளபதி வந்தார். தோட்டம் முழுக்கத் தேடியும் ஆளைக் காணோம். எங்கே போனார் மனுஷர்? கடைசியில் ஆழமான குழிக்குள் கண்டுபிடித்தார். வயசான தோட்டக்காரரோடு சேர்ந்து மண் வெட்டிக் கொண்டிருந்தார் காலிங்வுட்!

நடக்கப் போனால் சட்டைப்பையில் ஓக் மர விதை இருக்கும். நல்ல மண்ணைக் கண்டால் ஒன்றை ஊன்றிவிடுவார். அந்தக் காலப் போர்க்கப்பல்களுக்கு ஓக் மரம்தான் உயிர். "விக்டரி" என்ற ஒரே கப்பலுக்குச் சுமார் 6 ஆயிரம் மரங்கள் வெட்டப்பட்டன.

மீண்டும் கடல்

1803-ல் மறுபடி போர். காலிங்வுட் கிளம்பினார். 1805 அக்டோபர் 21-ந்தேதி டிராபால்கர் கடற்போரில் நெல்சன் குண்டடிபட்டுச் சாய, பொறுப்பு இவர் கைக்கு வந்தது. வெற்றி! பிரபு பட்டமும் கிடைத்தது.

மனசு மட்டும் மார்பெத்தில் இருந்தது. மகள்கள் கணக்கு படிக்கவேண்டும், ஓக் விதை ஊன்றவேண்டும் என்று கப்பலில் இருந்தே கடிதம் எழுதினார்.

1808-ல் உடம்பு முடியவில்லை. தன்னை விடுவிக்கும்படி கேட்டார். அவர் சேவை தேவை என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதற்குமேல் மறுத்துப் பேசாமல் வேலையைத் தொடர்ந்தார்.

1810 மார்ச்சில்தான் வழி பிறந்தது. மினோர்கா தீவில் இருந்து ஊருக்குக் கப்பல் புறப்பட்டது. மறுநாள், 7-ந்தேதி, நடுக்கடலிலேயே உயிர் பிரிந்தது. வயது 61. வீட்டு வாசலை மிதித்து 7 ஆண்டு ஆகியிருந்தது.

தப்பிய மரங்கள்

அவர் ஆசைப்படியே 1815-ல் மனைவி, ஹெத்பூல் என்ற இடத்தில் ஓக் மரங்கள் நட்டார். அவை வளர்ந்து வருவதற்குள் போர்க்கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. கோடாலிக்குத் தப்பிய அந்த மரங்களில் சில இன்றும் நிற்கின்றன!