தபால்மூல வாக்கும் அதன் காவலும்

தேர்தல் நாளிரவில் வானொலிப் பெட்டியின் அருகே கண்விழித்திருப்போர் முதன்முதலாகக் கேட்கும் முடிவு, பெரும்பாலும் ஒரு தொகுதியின் முடிவன்று. ஒரு மாவட்டத்தின் பெயரும், அதனோடு சேர்த்துத் 'தபால்மூல வாக்குகள்' என்னும் சொற்களும் ஒலிக்கும். பின்னர்ச் சில ஆயிரங்களுக்குட்பட்ட எண்கள் வாசிக்கப்படும். கேட்போர் அவ்வெண்களைக் கொண்டு காற்று எத்திசையில் வீசுகின்றதென ஆராயத் தொடங்குவர். ஆனால் அவ்வாக்குகள் யாருடையவை, எவ்வழியாக வந்தன, அவற்றை எண்ணியோர் எவற்றைச் சோதித்தனர் என்பன பற்றிச் சிந்திப்போர் சிலரே.

இங்கே ஒரு வினா எழுகின்றது. சாவடிக்கு வாக்காளர் நேரில் வருகின்றார். அவரது அடையாளம் நேரிலேயே காணப்படுகின்றது. மறைவிடத்தில் அவர் புள்ளடியிடுகின்றார். சீட்டு மற்றச் சீட்டுகளோடு பெட்டிக்குள் கலந்து மறைகின்றது. தபாலில் வரும் சீட்டின் நிலை வேறு. அது அனுப்பியவருடைய பெயர் தாங்கிய கடிதத்தோடு வருகின்றது. ஆகவே, அது உரியவருடைய சீட்டுத்தானா என்று அறியவும் வேண்டும். அவர் யாருக்கு வாக்களித்தார் என்று அறியாதிருக்கவும் வேண்டும். ஒன்றையறிந்து மற்றொன்றை அறியாதிருப்பது எங்ஙனம்? தபால்மூல வாக்களிப்பின் விதிகள் அனைத்தும் இவ்வொரு வினாவுக்கு விடையாக அமைந்தவையே.

மட்டக்களப்பு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி இந்நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலோரமாகிய கிழக்குப் பக்கம் எழுவான்கரை. வயலும் காடும் சூழ்ந்த மேற்குப் பக்கம் படுவான்கரை. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என மூன்று தேர்தல் தொகுதிகள் இம்மாவட்டத்திலுள்ளன. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, அங்கே வாவியைக் கடந்தோர் 'பாதை' என்று மக்கள் வழங்கும் மிதவையிலேயே கடந்தனர்.

தேர்தல் வந்ததும் இம்மாவட்டத்தின் நானூறுக்கும் மேற்பட்ட வாக்களிப்பு நிலையங்களுக்கு உத்தியோகத்தர் வேண்டும். களுவாஞ்சிக்குடியில் வாக்காளராகப் பதிவுபெற்ற ஆசிரியையொருவர் வடக்கே வாகரையிலுள்ள ஒரு நிலையத்துக்கு அனுப்பப்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தமது கடமையை விட்டுத் தமது ஊருக்கு வந்து வாக்களித்தல் இயலாது. பிறருடைய வாக்குரிமையைக் காக்கப் புறப்பட்டவர் தமது உரிமையை இழப்பது முறையாகுமா? ஆகாது. தேர்தற் கடமையிலுள்ளோர், பொலிசார், முப்படையினர், புகையிரதம், தபால், போக்குவரத்து முதலிய சேவைகளில் இருப்போர் ஆகியோருக்குச் சட்டம் தபால்மூல வாக்குரிமையை வழங்கியிருப்பதன் காரணம் இதுவே. 2024ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் பதிவுபெற்ற 1 கோடியே 71 இலட்சம் வாக்காளருள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வகையில் வாக்களிக்கத் தகுதி பெற்றனர். அஃதாவது, ஏறக்குறைய இருபத்து நான்கு பேரில் ஒருவர்.

இனி அச்சீட்டின் பயணத்தை அடியொற்றிச் செல்வோம்.

முதற்படி விண்ணப்பம். தேர்தல் அறிவிக்கப்பட்டதும், குறித்த தினத்துக்குள் வாக்காளர் தாம் பதிவுபெற்ற மாவட்டத்தின் தெரிவத்தாட்சி அலுவலருக்கு விண்ணப்பித்தல் வேண்டும். மாவட்டச் செயலாளரே பெரும்பாலும் இப்பதவியை வகிப்பவர். விண்ணப்பதாரர் தமது காரியாலயத்தில் பணிபுரிபவர் என்பதைத் திணைக்களத் தலைவர் உறுதிசெய்து ஒப்பமிடுகின்றார். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் வாக்காளர் இடாப்பில் அவருடைய பெயருக்கு நேரே அடையாளமிடப்படுகின்றது. அதன்பின் அவர் சாவடிக்குச் சென்று சீட்டுக் கேட்டாலும் கொடுக்கப்படமாட்டாது. ஒருவர் இருமுறை வாக்களிக்கலாகாது என்னும் விதிக்கு முதற் பூட்டு இங்கேயே இடப்படுகின்றது.

இரண்டாம் படி பொதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு வாக்குச்சீட்டு, ஓர் அடையாளப் பிரகடனப் பத்திரம், சீட்டை இடுதற்குரிய உள்ளுறை, அனைத்தையும் அடக்கும் வெளியுறை ஆகியன ஆயத்தமாகின்றன. சீட்டின் இலக்கம் பிரகடனத்திலும் உள்ளுறையிலும் குறிக்கப்படுகின்றது. இவை வாக்காளருடைய வீட்டுக்குச் செல்வதில்லை. அவர் பணிபுரியும் காரியாலயத்தின் அத்தாட்சிப்படுத்தும் அலுவலரிடம் தபால் திணைக்களத்தின் வழியே பாதுகாப்புடன் ஒப்படைக்கப்படுகின்றன. மட்டக்களப்பில் பதிவுபெற்ற ஒருவர் கொழும்பில் உத்தியோகம் பார்ப்பாராயின், அவருடைய சீட்டு மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் சென்று, மீண்டும் மட்டக்களப்புக்கே வந்து சேர்தல் வேண்டும்.

மூன்றாம் படி அடையாளமிடல். இதற்கெனத் தேர்தல் ஆணைக்குழு நாள்களைக் குறிக்கின்றது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் செப்டெம்பர் 4, 5, 6ஆம் திகதிகளும், அந்நாள்களில் இயலாதுபோனோர்க்கு 11, 12ஆம் திகதிகளும் குறிக்கப்பட்டன. அன்று அக்காரியாலயமே ஒரு சிறு வாக்களிப்பு நிலையமாகின்றது. வாக்காளர் தமது அடையாள அட்டையைக் காட்டுகின்றார். அலுவலர் முன்னிலையில் பிரகடனத்தில் ஒப்பமிடுகின்றார். அலுவலர் அதனை அத்தாட்சிப்படுத்துகின்றார். கட்சிகளின் பிரதிநிதிகளும் கண்காணிப்பாளரும் இவற்றைப் பார்வையிடலாம். ஆனால் சீட்டில் அடையாளமிடும் அந்த ஒரு கணத்தில் அலுவலரும் பார்த்தலாகாது. வாக்காளர் மறைவாக அடையாளமிட்டு, சீட்டை மடித்து உள்ளுறையிலிட்டு ஒட்டுகின்றார். பின்னர் உள்ளுறையும் பிரகடனமும் வெளியுறைக்குள் இடப்பட்டு, அதுவும் ஒட்டப்படுகின்றது.

இவ்விரண்டு உறைகளிலேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை அடங்கியுள்ளது. 'இவர் யார்?' என்பதற்கு விடை வெளியுறைக்குள் உண்டு. 'இவர் எதை விரும்பினார்?' என்பதற்கு விடை உள்ளுறைக்குள் உண்டு. இரண்டையும் ஒரே வேளையில் ஒருவரும் திறவாதபடி பார்த்துக்கொள்வதே அலுவலரின் கலை.

நான்காம் படி, திரும்பி வருதல். வெளியுறைகள் தெரிவத்தாட்சி அலுவலரை வந்தடைந்ததும் திறக்கப்படாமலே முத்திரையிட்ட பெட்டிகளில் இடப்படுகின்றன. வாக்களிப்பு முடிவடையும் வேளைக்குள் வந்து சேராத உறை, எத்துணை நேர்மையாக அனுப்பப்பட்டதாயினும், எண்ணப்படமாட்டாது.

ஐந்தாம் படி எண்ணுதல். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி மாலை 4 மணிக்கு வாக்களிப்பு முடிந்தது; சிறிது நேரத்திலேயே தபால்மூல வாக்குகளின் எண்ணல் தொடங்கியது. சாவடிகளின் பெட்டிகள் படுவான்கரையிலிருந்தும் வாகரையிலிருந்தும் மட்டக்களப்பு இந்துக் கல்லூரியிலுள்ள எண்ணும் நிலையத்துக்கு வந்துகொண்டிருக்கும்போதே, தபாற் பெட்டிகள் அங்கே திறக்கப்பட்டுவிடுகின்றன. முதல் முடிவாக அது வானொலியில் ஒலிப்பதன் காரணமும் இதுவே.

மேசையைச் சுற்றி முகவர்கள் பார்த்திருக்க, முதலில் வெளியுறைகள் திறக்கப்படுகின்றன. பிரகடனத்தில் ஒப்பம் உண்டா? அலுவலர் அத்தாட்சிப்படுத்தினாரா? அதன் இலக்கமும் உள்ளுறையின் இலக்கமும் ஒத்திருக்கின்றனவா? யாவும் சரியாயின், உள்ளுறை ஒருபுறமும் பிரகடனம் மறுபுறமும் பிரிக்கப்படுகின்றன. குறையிருப்பின் அவ்வுறை நிராகரிக்கப்பட்டு வேறாக வைக்கப்படுகின்றது. பிரகடனங்கள் அகற்றப்பட்ட பின்னரே உள்ளுறைகள் திறக்கப்படுகின்றன. அப்போது மேசையில் பெயர்களில்லை. சீட்டுகள் மாத்திரமே உண்டு. அவை ஒன்றோடொன்று கலக்கப்பட்டு, பின்னர் வகைபிரித்து எண்ணப்படுகின்றன.

இன்னொரு காவலும் உண்டு. படுவான்கரைச் சிற்றூரொன்றின் பாடசாலையில் ஏழு ஆசிரியர்கள் தபால்மூலம் வாக்களித்தனர் என்று கொள்வோம். ஏழு வாக்கும் ஒரே கட்சிக்கு என்று அப்பாடசாலையின் பெயரால் அறிவிக்கப்பட்டால், இரகசியம் என்பதற்குப் பொருளில்லை. ஆகையால் காரியாலயவாரியாகவோ தொகுதிவாரியாகவோ அவை வெளியிடப்படுவதில்லை. மாவட்டம் முழுவதற்கும் ஒரே தொகையாகவே அறிவிக்கப்படுகின்றன. பொலிசாரும் படையினரும் ஆசிரியரும் மருத்துவ ஊழியரும் அளித்த வாக்குகள் அத்தொகையில் ஒன்றாய்க் கரைந்துவிடுகின்றன. மேலதிகாரியின் முன்னிலையிலேயே வாக்களிக்கவேண்டிய நிலையிலுள்ள உத்தியோகத்தருக்கு இக்கரைதலே பெரும் பாதுகாப்பாகும்.

இத்துணைக் காவலிருந்தும் சில வாக்குகள் வீணாகின்றன. பிரகடனத்தில் ஒப்பமிட மறப்போர் உண்டு. பிரகடனத்தை உள்ளுறைக்குள் இட்டு ஒட்டிவிடுவோர் உண்டு. சீட்டிலேயே தமது பெயரை எழுதிவிடுவோரும் உண்டு. பிறர் தவறாது வாக்களிக்க வழிகாட்டும் உத்தியோகத்தரே இவ்வாறு தமது வாக்கை இழத்தல் வருந்தத்தக்கது. இதற்கு மருந்து ஒன்றே: அறிவுறுத்தலை ஒருமுறைக்கு இருமுறை வாசித்து, ஒவ்வொரு படியையும் ஆறுதலாகச் செய்தல்.

தேர்தல் ஒன்றின் நலிவு முதலில் வெளிப்படுவதும் தபால்மூல வாக்கிலேயே. எல்லாச் சீட்டுகளுக்கும் முன்னதாக அச்சில் முடியவேண்டியவை தபால்மூல வாக்குக்கான சீட்டுகளல்லவா? 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட உள்ளூராட்சித் தேர்தலுக்கு, பெப்ரவரி 22 முதல் தபால்மூல வாக்களிப்பு நடைபெறுவதாக இருந்தது. அரசாங்க அச்சகத்துக்குப் பணம் கிடையாமையால் சீட்டுகள் வந்து சேரவில்லை. தபால்மூல வாக்களிப்பு ஒத்திவைக்கப்பட்டது. தொடர்ந்து தேர்தலே ஒத்திவைக்கப்பட்டது. அத்தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே நடைபெற்றது.

இம்முறை நமக்கு மாத்திரம் உரியதன்று. முதலாம் உலகப் போரின் முடிவில், 1918ஆம் ஆண்டுச் சட்டத்தினால், ஊரைவிட்டு வெளியே நின்ற படைவீரர்க்குப் பிரித்தானியா வாக்களிக்க வழிசெய்தது. இந்தியாவிலும் பிரகடனம், உள்ளுறை, வெளியுறை என்னும் இம்மூன்றையும் கொண்ட முறையே வழக்கிலுள்ளது. அங்கே படையினர்க்கும் தேர்தற் கடமையிலுள்ளோர்க்கும் உரியதாயிருந்த இவ்வசதி, அண்மைக் காலத்தில் வீட்டைவிட்டுச் செல்ல இயலாத மிக முதியோர்க்கும் விரிக்கப்பட்டுள்ளது. 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 85 வயதைக் கடந்தோர் வீட்டிலிருந்தே வாக்களித்தனர்.

இவ்விடத்தில் நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. 2024ஆம் ஆண்டுத் தேர்தல்கள் வரை இலங்கையில் தபால்மூல வாக்கு, கடமையின் பொருட்டு ஊரில் இல்லாத உத்தியோகத்தர்க்கே உரியதாயிருந்தது. பிழைப்பின் பொருட்டு ஊரில் இல்லாதவர் நிலை யாது? மட்டக்களப்பு மாவட்டத்தின் ஊர்களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற பெண்களும் ஆண்களும் மிகப் பலர். அவர்கள் அனுப்பும் பணத்தால் இங்கே வீடுகள் எழுகின்றன. பிள்ளைகள் கல்வி பெறுகின்றனர். ஆனால் தேர்தல் நாளில் அவர்களுக்கு அங்கிருந்து வாக்களிக்க வழியிருக்கவில்லை. வழிசெய்ய வேண்டும் என்போர் உளர். இரகசியம் காப்பது எங்ஙனம் என ஐயுறுவோரும் உளர். வீட்டு எசமானரின் கண்முன்னே அடையாளமிடும் பணிப்பெண்ணின் வாக்கு அவளுடைய வாக்காக இருக்குமா என்னும் ஐயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் வாக்கைக் காக்க இயலாது என்று அஞ்சி வாக்கையே மறுத்தல், கள்வனுக்கு அஞ்சிக் கதிரை அறுக்காது விடுதலை ஒக்கும். மேலதிகாரியின் முன்னிலையில் அடையாளமிடும் உத்தியோகத்தருக்கு இரண்டு உறைகளால் காவல் தேடியவர்கள், தொலைநாட்டிலிருப்போர்க்கும் ஏற்ற காவலைத் தேடமாட்டாதவர்களல்லர்.

நேயர்களே, அடுத்த தேர்தலின் இரவில் தபால்மூல முடிவு வாசிக்கப்படும்போது, அவ்வெண்களுக்குப் பின்னே எத்தனை ஒப்பங்களும் முத்திரைகளும் நிற்கின்றன என்பதை எண்ணிப்பாருங்கள். உங்கள் வீட்டில் உத்தியோகத்தர் எவரேனும் இருப்பின், விண்ணப்பத்துக்குரிய இறுதித் திகதி எப்போது என்று இப்பொழுதே விசாரித்து வைக்கும்படி அவருக்கு நினைவூட்டுங்கள்.