பார்த்ததை எழுதி வையுங்கள்!



அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் மெல்லச் சொன்னார்: "தம்பி, விடியக்காலம் நெரைக்குள்ள ஒரு பூனையப் பார்த்தேன். வீட்டுப் பூனை அளவுதான். ஆனா ஒடம்பெல்லாம் புலி மாதிரி புள்ளி. சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க."

"அக்காவுக்குக் கண்ணு மங்கிப் போச்சு" என்றார் மண்டோர். மறுபடியும் சிரிப்பு.

அக்கா சொன்னதில் பொய்யில்லை. சிறுத்தைப் பூனை என்று ஒன்று உண்டு. நம் நாட்டுச் செம்பனைக் காடுகளில் அது நடமாடுகிறது. எலிதான் அதற்கு முக்கிய இரை. பழத்தைக் கடித்து நாசமாக்கும் எலியைப் பிடிக்கும் இந்தப் பூனை, சம்பளம் வாங்காத தொழிலாளி!

இதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ஆனால், "என்ன தேதி? எந்த நெரை?" என்று கேட்டபோது அக்காவிடம் பதில் இல்லை. அங்கேதான் நாம் தோற்கிறோம்.

சங்க வேலையில் நான் கற்ற பாடம் ஒன்று. எடை குறைகிறது என்று வாயால் மட்டும் சொன்னால் நிர்வாகம் காது கொடுக்காது. தினமும் சொந்த நோட்டில் எடையைக் குறித்து வைத்தவர் பேசினால், கிராணி தம் புத்தகத்தைத் திறந்தே ஆகவேண்டும். காட்டில் கண்ட உயிருக்கும் அதே நியாயம்தான்.

நம் சிலாங்கூரிலேயே நடந்த ஒன்றைக் கேளுங்கள். 2011 மே மாதம், குவேக் ஹோக் பிங் என்பவர் அங்குள்ள காட்டுப் பூங்கா ஒன்றுக்குப் போனார். அவர் விஞ்ஞானி அல்ல; பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர். பச்சை உடம்பும் சல்லாத்துணி போன்ற சிறகும் கொண்ட ஒரு சின்னப் பூச்சி அவர் கண்ணில் பட்டது. லேஸ்விங் என்பார்களே, அந்த வகை. சிறகில் கறுப்புக் கோடுகள், நடுவே நீலப் புள்ளிகள். படம் எடுத்தார். பூச்சி பறந்து போய்விட்டது. படத்தை ஃபிளிக்கர் என்னும் இணையப் படத்தளத்தில் போட்டு வைத்தார்.

அந்தப் படம் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருந்த பூச்சியியல் நிபுணர் ஷான் வின்டர்டன் கண்ணில் தற்செயலாகப் பட்டது. எத்தனையோ லேஸ்விங் பார்த்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சக நிபுணர்களுக்கும் தெரியவில்லை. "பூச்சி கைவசம் இருக்கிறதா?" என்று குவேக்கைக் கேட்டார். படம் மட்டும் போதாதே! குவேக் விடவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அதே இடத்துக்குப் போய் ஒன்றைப் பிடித்தே விட்டார்.

பூச்சி லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போயிற்று. அங்கே ஸ்டீவ் புரூக்ஸ் என்ற நிபுணர் ஆராய்ந்து, உலகம் இதுவரை பெயர் வைக்காத புது இனம் என்று உறுதி செய்தார். வேடிக்கை என்னவென்றால், அதே இனப் பூச்சி ஒன்று அந்த அரும்பொருளகத்திலேயே பல்லாண்டாகப் பெயர் இல்லாமல் கிடந்திருக்கிறது!

2012 ஆகஸ்டில் சூகீஸ் என்ற அறிவியல் ஏட்டில் கட்டுரை வெளிவந்தது. வின்டர்டன் மகளின் பெயரால் 'செமாகிரைசா ஜேட்' என்று பூச்சிக்குப் பெயரிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவராகக் குவேக் பெயரும் இருக்கிறது. உழைத்தவன் பெயரை ஒதுக்கிவிடவில்லை.

அவர் எப்போதாவது காட்டுக்குப் போனவர். நாமோ இருட்டு விலகுமுன் பெரட்டுக்கு நின்று, நாள் முழுக்க வெளிக்காட்டில் கிடப்பவர்கள். நம் பெரியவர்கள் அறியாத பறவையா, பாம்பா, பச்சிலையா? தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி நம்மவர்கள் பட்டணம் போனபோது, லயத்தோடு சேர்ந்து அந்த அறிவும் இடிந்து போயிற்று. யாரும் எழுதி வைக்கவில்லை.

இனியாவது எழுதுவோம். தேதி, நேரம், இடம், அது என்ன செய்துகொண்டிருந்தது, இவ்வளவு போதும். கைப்பேசி இருந்தால் ஒரு படம். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி இலவசம். படத்தைப் போட்டால் என்ன உயிர் என்று அறிய உதவும், விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் கற்றுக்கொள்வார்கள். 1940 முதல் இயங்கும் மலேசிய இயற்கைக் கழகமும் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. எறும்புத்தின்னி போன்றவற்றைக் கண்ட இடத்தை ஊரெல்லாம் சொல்லாதீர்கள். திருட்டு வேட்டைக்காரனுக்கும் காது உண்டு. பாம்பு கடித்தால் படத்துக்காக அதன் பின்னால் ஓடாதீர்கள். அடித்துத் தூக்கிவரவும் வேண்டாம். எட்ட நின்றபடி படம் கிடைத்தால் டாக்டருக்கு உதவும். கிடைக்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா, மகளின் பழைய பள்ளி நோட்டோடு வந்தார். முதல் பக்கத்தில் தேதி, நெரை எண், அதன்கீழே: "புள்ளிப் பூனை. வாயில் எலி."

மண்டோர் வாங்கிப் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நானும் போன வாரம் ஒன்னு பார்த்தேன், அதையும் எழுதிக்குங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய நோட்டு இருக்கும். எடுத்து வையுங்கள்.