நாயும் நாமும் அயலவரும்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று உறவினரின் வளவிலோ, நலன்புரி நிலையத்திலோ, புதிதாகக் கிடைத்த குடியிருப்புக் காணியிலோ வந்து அமர்ந்ததும் அயலவரோடு பிணக்குகள் தோன்றுவது வழமை. முதலில் வேலியைப் பற்றி வரும். அடுத்துக் கிணற்றைப் பற்றி வரும். மூன்றாவதாக வருவது பெரும்பாலும் நாயைப் பற்றியது. "உங்கட நாய் எங்கட அடைக்கோழியைப் பிடிச்சுப் போட்டுது", "நாயைக் கட்டி வையுங்கோ, பிள்ளையள் பள்ளிக்கூடம் போகேலாமல் கிடக்கு" என்ற முறைப்பாடுகளைக் கிராமங்களுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கிறோம். மறுபக்கத்தில், "இரவிலை எங்களுக்கு உள்ள ஒரே காவல் அதுதான். அதையும் கலைக்கச் சொன்னால் என்ன செய்யிறது?" என்ற குரலும் கேட்கிறது.

இரண்டு குரல்களிலும் நியாயம் உண்டு. ஆகவே நாய் வளர்ப்போருக்குள்ள கட்டுப்பாடுகள் எவை, அவை ஏன் வந்தன, அயலோடு முரண்படாமல் நாய் வளர்ப்பது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நாம் விட்டு வந்தவை

1990 ஜூன் மாதத்தில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பகுதி மக்கள் ஊரை விட்டு எழுந்தபோதும், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், ஆடு மாடுகளைச் சிலர் அவிழ்த்து விட்டனர். சிலர் ஓட்டிச் சென்றனர். நாயைப் பற்றி யோசிக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. அது தானாகவே பின்னால் வந்தது. மழையிலும் நெரிசலிலும் நாவற்குழிப் பாலத்தடியில் எத்தனையோ நாய்கள் தம் ஆட்களைத் தவறவிட்டன. சங்கிலியை அவிழ்க்காமல் வந்துவிட்டோமே என்று இன்றைக்கும் மனம் நோகும் முதியவர்களை நாம் அறிவோம். 2009 இல் வன்னியிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களின் கதையும் இதுவே.

ஆளில்லாத வளவில் பிறந்து வளரும் குட்டி மனிதரை அறியாது. மனிதரைக் கண்டால் ஒன்றில் ஓடும், அல்லது கூட்டமாக எதிர்க்கும். ஆனால் கட்டாக்காலி நாய்களுக்கெல்லாம் போரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சந்தையடியிலும், கோவில் வீதியிலும், தேவாலய வளவிலும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விடப்படும் குட்டிகளைப் பாருங்கள். அவற்றில் அநேகமானவை பெட்டைக் குட்டிகள். கடுவனை வைத்துக்கொண்டு பெட்டையை விட்டுவிட்டுப் போவது எம்மவர் வழக்கம். ஒரு பெட்டை நாய் ஆண்டுக்கு இரு தடவை குட்டி போடக்கூடியது. ஆகவே இன்று தெருவில் எம்மைக் கலைக்கும் நாய், சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் வேண்டாமென்று விட்ட குட்டியின் பிள்ளை என்பதை மறந்துவிடலாகாது.

எம் மனத்திலுள்ள நாய்

நாயைப் பற்றிய எம் எண்ணம் எப்போதும் இரட்டை எண்ணமே. ஒருவரை இழிவுபடுத்த வேண்டுமானால் நாய் என்கிறோம். நாய்வாலை நிமிர்த்த முடியாது என்கிறோம். அதே வேளை, நன்றிக்கு உதாரணம் கேட்டால் நாயையே காட்டுகிறோம். சைவ ஆலயத்தினுள் நாய் நுழைந்தால் கலைக்கிறார்கள். ஆனால் அதே ஆலயத்தில் வைரவருக்கு வாகனம் நாய். மாணிக்கவாசகர் இறைவன் முன் தம்மை நாய்க்கு ஒப்பிட்டே தாழ்த்துகிறார். தருமர் தம்மோடு வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையையும் நாம் அறிவோம். விவிலியத்திலும் இவ்விரண்டையும் காண்கிறோம். நாய் இழிவான பிராணியாகப் பல இடங்களில் பேசப்படுகிறது. ஆயினும் தோபித்து நூலில் இளைஞன் தோபியா தூரப் பயணம் புறப்படும்போது அவனோடு நாயும் செல்கிறது.

இந்த இரட்டை எண்ணத்தால் விளைவது என்ன? நாய்க்குச் சோறு வைக்கிறோம், ஆனால் பொறுப்பு எடுப்பதில்லை. அது எமது வாசலிற் படுக்கும்வரை எமது நாய். ஒருவரைக் கடித்துவிட்டால் "அது எங்கட நாய் இல்லை, சும்மா வந்து படுக்கிறது" என்கிறோம். பிணக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் கூறுவது

எமது நாட்டில் நாய் பற்றிய சட்டங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 1893 ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டம், நோய் பரவும் இடங்களில் நாய்களைக் கட்டுப்படுத்தவும் அழிக்கவும் அதிகாரிகளுக்கு வலுவளித்தது. 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், நாயைச் சொந்தக்காரரின் பெயரில் ஆண்டுதோறும் பதிய வேண்டும் என்றது. 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமொன்று விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. நாய் பிறருக்குச் சேதம் விளைவித்தால் சொந்தக்காரர் நட்டஈடு கொடுக்கவும் நேரலாம்.

பதிவு என்றதும் வரி, தண்டம் என்று அஞ்ச வேண்டியதில்லை. பதிந்த நாய்க்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார் என்பதே அதன் பொருள். தற்காலிக இருப்பிடத்தில் வசிப்போரும் தமது பகுதிப் பிரதேச சபை அல்லது நகரசபைப் பணிமனையில் இதனை விசாரித்துக்கொள்ளலாம். வெளிநாடுகளில் வாழும் எம் உறவினர் இதைவிடக் கடுமையான விதிகளுக்கு உட்பட்டே நாய் வளர்க்கிறார்கள். ஜேர்மனியில் நாய்க்கென்று ஆண்டுதோறும் உள்ளூராட்சிக்கு வரி கட்ட வேண்டும். பிரித்தானியாவில் 2016 முதல், சொந்தக்காரரை அறியக்கூடிய சிறு மின்தகட்டை நாயின் தோலுக்கடியில் வைப்பது கட்டாயமாக்கப்பட்டது.

கொல்வதால் தீராதது ஏன்?

"எல்லாவற்றையும் பிடிச்சுக் கொண்டால் பிரச்சினை முடிஞ்சுது" என்று கூறுவோர் பலர். இலங்கையிலும் பல்லாண்டுகள் அதுவே நடந்தது. 2006 ஆம் ஆண்டில் அரசு இந்த நடைமுறையை நிறுத்தி, தடுப்பூசி போடுதல், கருத்தடை செய்தல் என்பவற்றை முன்னெடுக்கத் தீர்மானித்தது. சென்னையில் 1996 இலேயே கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை தொடங்கிவிட்டது.

காரணம் எளிது. ஓர் ஊரில் நாய்களுக்கு எவ்வளவு உணவு கிடைக்கிறதோ அதற்கேற்பவே நாய்கள் இருக்கும். இருந்தவற்றைக் கொன்றால், மீன் கழிவும் எச்சிற் சோறும் அப்படியே கிடக்கும்போது பக்கத்து ஊர் நாய்கள் வந்து அந்த இடத்தை நிரப்பும். அவை ஊசி போடாத புதிய நாய்கள். பிடிபடுபவையும் பெரும்பாலும் மனிதரை நம்பிக் கிட்ட வரும் சாதுவான நாய்களே. மாறாக, ஊரிலுள்ள 100 நாய்களில் 70 நாய்களுக்கேனும் ஊசி போடப்பட்டிருந்தால் விசர்நோய் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொடர்ந்து பரவ முடியாமற் போகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

எமது நாட்டின் அனுபவமும் தடுப்பூசியின் பயனைக் காட்டுகிறது. 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போடும் திட்டம் வளர்ந்து, கடிபட்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சையும் கிடைத்ததால், அண்மைய ஆண்டுகளில் இத்தொகை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 வரை என்ற அளவுக்குக் குறைந்துள்ளது.

அண்டை நாட்டில் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 2025 ஓகஸ்ட் 11 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லியின் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு கட்டளையிட்டது. பதினொரு நாட்களின் பின், கருத்தடை செய்து ஊசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும், விசர் பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்றும், கண்ட இடத்தில் உணவிடாமல் குறித்த இடங்களில் மட்டும் உணவிட வேண்டும் என்றும் கட்டளையை மாற்றியது.

விசர்நோயும் விவசாயியும்

வெயிற் காலத்தில் சூட்டினால் நாய்க்கு விசர் பிடிக்கிறது என்பது தவறான எண்ணம். இந்நோய் ஒரு வைரசுக் கிருமியால் வருவது. நோயுற்ற பிராணியின் உமிழ்நீர் வழியாக, கடியாலோ கீறலாலோ, காயத்தை நக்குவதாலோ தொற்றும். பூனை, கீரி போன்றவையும் இதைப் பரப்பலாம்.

விசர் பிடித்த நாய்கள் எல்லாம் வெறிகொண்டு ஓடித் திரிவதில்லை. சில, இருட்டு மூலையில் ஒதுங்கி, தாடை தொங்கி, வீணீர் வடியக் கிடக்கும். வழமையான குணம் மாறுவதும், குரல் மாறுவதும், மண், தடி முதலியவற்றைக் கடிப்பதும் அறிகுறிகள்.

மாடு வைத்திருப்போர் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். விசர்நாய் கடித்த மாடு சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் தீன் எடுக்காமல், வீணீர் ஒழுக, இடைவிடாது கதறும். தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது என்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. இது உயிராபத்தானது. அத்தகைய மாட்டைத் தொடாமல் கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். அதன் பாலையும் பாவிக்கலாகாது.

கடிபட்டால்

நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். அறிகுறி தோன்றுமுன் சிகிச்சை பெற்றால் உயிர் தப்பலாம். ஆகவே:

1. காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாவிடில் ஒருவர் கிணற்றில் அள்ளி ஊற்ற மற்றவர் கழுவலாம்.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மூலிகைச் சாறு எதையும் பூசாதீர்கள். காயத்தை இறுக்கிக் கட்டாதீர்கள்.

3. அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். பார்வைக்கு உள்ளூர் வைத்தியரிடம் போவதென்றாலும் அதன் பின்னரே போங்கள்.

4. கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டி வைத்து 10 நாட்கள் அவதானியுங்கள். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நாய் இறந்தால் புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடிபட்டதை மறைப்பதுண்டு. "நாய் கீறினாலும் எங்களிட்டை வந்து சொல்லு, பேசமாட்டம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அயலோடு வாழ

முகாமிலும் நெருக்கமான குடியிருப்பிலும் பழைய ஊரில் வளர்த்ததுபோல நாய் வளர்க்க முடியாது. அங்கே ஒரு ஏக்கர் தோட்டம் இருந்தது. இங்கே கிடுகு வேலிக்கு அப்பால் அயலவரின் அடுப்படி இருக்கிறது. ஆகவே பிள்ளைகள் பாடசாலை செல்லும் நேரத்திலும் வரும் நேரத்திலும் நாயைக் கட்டி வைப்போம். நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில், அசையக்கூடிய நீளக் கயிற்றில் கட்டுவோம். நாளெல்லாம் குறுங்கயிற்றில் கிடக்கும் நாய் மூர்க்கமாகிவிடும். வேலிப் பொட்டுக்களை அடைப்போம். ஆண்டுக்கொரு முறை ஊசி போடும் நாளை எமது பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அறிந்து, அட்டையைப் பத்திரப்படுத்துவோம். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்விப்போம். மீன் கழிவைக் குழி வெட்டித் தாழ்ப்போம். எங்கள் நாய் கோழியைப் பிடித்தால், அயலவர் வந்து கேட்குமுன் நாமே போய்ச் சொல்லி, அதற்கு ஈடு கொடுப்போம்.

கோழியை இழந்த அயலவரும் நஞ்சு வைக்க எண்ண வேண்டாம். வைத்த நஞ்சு நாயை மட்டும் தேடிப் போவதில்லை. அது பூனைக்கும் போகும், கோழிக்கும் போகும், முற்றத்தில் தவழும் குழந்தையின் கைக்கும் போகும்.

தமது காணி இன்னமும் விடுவிக்கப்படாமல் காத்திருக்கும் குடும்பங்கள் பல. சொந்த மண்ணுக்குத் திரும்பும் நாளில் வளவைத் துப்புரவாக்கும்போதும், முதல் வெங்காயம் நடும்போதும் ஒரு நாய் கூடவே நிற்கும். அந்த நாய்க்கு ஊசி போடப்பட்டிருக்கட்டும். அதற்கு ஒரு பெயரும் அந்தப் பெயருக்கு ஒரு சொந்தக்காரரும் இருக்கட்டும். அதுவரைக்கும், இன்று எமக்கு இருக்க இடம் தந்த அயலவர் எமது நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடியவாறு அதை வளர்ப்போம்.