யார் கையால் ஞானஸ்நானம்?



சனாயா கேம்புகளில் தங்கி வேலை செய்யும் நம் தம்பிமார் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும்போது இந்தக் கேள்விகள் எழும்புவது இயல்பு. "லீவில் ஊருக்குப் போய் எங்க ஐயர் கையால எடுத்தால்தான் சரியா? இங்கே மெசைமீர் வளாகத்தில் ஆராதனை நடத்துகிற போதகர் கொடுத்தால் போதாதா? ரூமில் ஜெபக்கூட்டம் நடத்துகிற அண்ணன் கொடுத்தால் செல்லுமா?" கேட்கிறவர்களைக் கடிந்துகொள்ளாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை.

வேதம் காட்டுவது

இயேசு தாமே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அவருடைய சீஷர்களே கொடுத்தார்கள் (யோவான் 4:2). எத்தியோப்பிய மந்திரிக்குக் கொடுத்த பிலிப்பு, பந்திவிசாரணைக்குத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழுபேரில் ஒருவர். பவுல் ஞானஸ்நானம் பெற்றபோது அருகில் இருந்தது தமஸ்குவில் வாழ்ந்த அனனியா. வேதம் அவரை ஒரு சீஷன் என்று மட்டுமே சொல்லுகிறது. கொர்நேலியுவின் வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி பேதுரு கட்டளையிட்டார். தண்ணீரில் நின்றது யாரென்று லூக்கா எழுதவில்லை.

கொரிந்து சபையோ நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்றது. கிறிஸ்பு, காயு, ஸ்தேவானின் வீட்டார் தவிர வேறு ஒருவருக்கும் தான் ஞானஸ்நானம் கொடுத்ததாக நினைவில்லை என்று பவுல் நிம்மதியோடு எழுதுகிறார் (1 கொரி. 1:14-16). தன் பெயரால் ஒரு கூட்டம் உருவாகிவிடக் கூடாதே என்பதே அவருடைய பயம்.

சபைகளின் ஒழுங்கு

கொடுப்பவர் பரிசுத்தக் குறைவானவர் என்றால் அந்த ஞானஸ்நானம் செல்லாது என்று 4-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் தொனாத்தியர் வாதிட்டார்கள். அகஸ்தீன் அதை மறுத்தார். யார் கை கொடுத்தாலும், கொடுக்கிறவர் கிறிஸ்துவே என்பது அவர் பதில். லுத்தரன் சபையின் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் (1530) ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களும் இதையே ஏற்றுக்கொண்டன.

ஆனால் ஒழுங்கு வேண்டாம் என்று அவை சொல்லவில்லை. மரண ஆபத்து வேளையில் எந்த விசுவாசியும் கொடுக்கலாம் என்பது லுத்தரன் வழக்கம். குருப்பட்டம் பெற்றவரே கொடுக்க வேண்டும் என்கிறது பிரஸ்பிட்டேரியரின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை. ஞானஸ்நானம் ஒருவரைச் சபைக்குள் சேர்ப்பதால், அதைச் சபை அறிந்து, பொறுப்பேற்று, பதிவேட்டில் எழுதவேண்டும் என்பதே இந்த ஒழுங்கின் நோக்கம்.

தரங்கம்பாடியில் நடந்தது

விசுவாசிகள் ஆயரைத் தெரிந்துகொள்ளலாமா என்ற கேள்விக்கு நம் தமிழ்ச் சபை வரலாற்றிலேயே ஒரு வேதனையான பக்கம் உண்டு. 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புரொட்டஸ்டண்டு ஆயர் அவரே. அதே நாட்களில் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தவர் ராஜநாயக்கன். முன்னாள் போர்வீரர், அநேகரைக் கிறிஸ்துவிடம் நடத்தியவர். அவருக்கும் பட்டம் கொடுப்பதைப் பற்றி மிஷனரிமார் ஆலோசித்தனர். ஆனால் அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். மேல்சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்கமாட்டார்களே என்று தயங்கினார்கள். 1741-இல் தியோகு என்பவருக்குப் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கனோ 1771-இல் மரிக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

அவருடைய விசுவாசத்தில் குறை காணப்படவில்லை. வாங்குகிறவர்களின் மனதுக்கு அஞ்சியே அவர் நிறுத்திவைக்கப்பட்டார்.

அப்படியானால் தெரிந்துகொள்ளலாமா?

உன்னை வேதத்தில் வளர்த்த ஆயரிடம் எடுக்க ஆசைப்படுவதில் தவறில்லை. பெற்றோர் முன்னிலையில் எடுக்க ஊர் போகும்வரை காத்திருக்கவும் செய்யலாம். ஆனால் அந்தக் காத்திருப்பு கீழ்ப்படிதலைத் தள்ளிப்போடும் சாக்காகிவிடக் கூடாது. ரூம் அண்ணன் உன்னை ஆயத்தப்படுத்தியிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போதகரிடம் போ. இந்நாட்டில் ஆராதனைக்கென்று கொடுக்கப்பட்ட இடத்தில், சபை பார்க்க எடு.

ஆனால் "இவர் எந்த ஆட்கள்?" என்று விசாரித்து ஒரு ஆயரின் கையைத் தவிர்க்கிறவன், ராஜநாயக்கனுக்குச் செய்யப்பட்டதையே திரும்பச் செய்கிறான். சனாயாவில் ஒரே பஸ்ஸில் போகிறோம், ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறோம். திருமண்டலமும் தெருவும் கேட்டு ஆயரை அளக்கும் பழக்கம் விமானம் ஏறி நம்மோடு வந்துவிடவில்லையா என்று ஒவ்வொருவரும் தன்னைச் சோதித்துக்கொள்வோமாக.

வாலிபர் கூடுகையில் பேச: கொடுத்தவரின் பெயரைச் சொல்லாமல் உன் ஞானஸ்நான சாட்சியைச் சொல்ல முடியுமா?