கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

கொல்கத்தாத் தமிழரைப் பார்த்தால் வங்காள நண்பர்கள் தவறாமல் விசாரிப்பது வேலூர் ஆஸ்பத்திரியைத்தான். ஹவுராவில் ஏறிக் காட்பாடியில் இறங்கும் நோயாளிகளை என் ரயில்வே உத்தியோகக் காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டை நம் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

1914-ல் கொல்லிமலையில் ஆங்கிலேய மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றார். 1929-ல் தந்தை மலையிலேயே காலமானார். மகன் அவரை மீண்டும் பார்க்கவே இல்லை. தாயார் ஈவ்லின் முதுமையிலும் மலைமக்களுக்குத் தொண்டாற்றி, 1974-ல் மறைந்தார். பிராண்ட் முதலில் கற்றது தச்சும் கொத்தும். மருத்துவம் அதற்குப் பிறகுதான். 1946-ல் வேலூர் வந்தார்.

தொழுநோயால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்வதாக உலகம் நம்பிய காலம் அது. பிராண்ட் உண்மையைக் கண்டறிந்தார். நரம்பு மரத்து வலி தெரியாமல் போவதால், சூடான பாத்திரமும் காலில் தைத்த ஆணியும் செய்த சேதமே அது. மடங்கிப்போன விரல்களுக்கு, வலுவுள்ள தசையின் நாணை மாற்றி இணைத்து, அசைவு தந்தார். கூலி வேலைக்கும் கைத்தொழிலுக்கும் அந்தக் கைகள் திரும்பின.

பாதப் புண்ணுக்கு அவர் சொன்ன விளக்கம் எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. தண்டவாளத்தின் கீழ் ஸ்லீப்பரும் ஜல்லியும் இடுவது பாரம் ஓரிடத்தில் இறங்காமல் பரவத்தான். மிதமான பாரமே ஆயினும் ஒரே இடத்தில் ஓயாமல் விழுந்தால் இரும்பிலும் விரிசல் காணும். வலி தெரிந்தவன் நடையை மாற்றிக்கொள்வான். மரத்த காலுக்கு அது தெரியாது. எனவேதான் பாரத்தைப் பரப்பும் மென்மையான ரப்பர் செருப்புகளை வேலூரில் உருவாக்கினார்கள்.

1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று, ஆராய்ச்சியும் போதனையும் செய்தார். வேலூரில் கற்ற பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காத்தது. 2003-ல் சியாட்டில் நகரில் காலமானார்.

நம் சங்கத்தில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அன்பர்களே, வலி வரட்டும் என்று காத்திராதீர்கள். இரவு படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால், அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்து, மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.