குளிர்ந்தால் படியும் குருதிப் புரதம்

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்க் குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் வழியாது, வெண்மையாகக் கெட்டிப்பட்டிருக்கும். சற்று நேரம் வெயிலில் வைத்தால் உருகித் தெளிந்துவிடும். சிலருடைய குருதியிலும் ஏறத்தாழ இவ்வாறு நடந்துகொள்ளும் புரதங்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? உடல் வெப்பநிலையாகிய 37 டிகிரி செல்சியசில் அவை கரைந்திருக்கும். குளிர வைத்தால் வெண்ணிற வீழ்படிவாகப் பிரிந்து அடியில் தங்கும். மறுபடி சூடாக்கினால் கரைந்துவிடும். (எண்ணெய் கெட்டிப்படுவது நிலைமாற்றம், புரதம் பிரிவது கரைதிறன் குறைவதால். இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம் என்று இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன்.)

1933-ஆம் ஆண்டில் வின்ட்ரோப், பியூல் என்னும் இருவர், எலும்பு மச்சைப் புற்றுநோய் கொண்ட ஒருவரின் ஊநீரில் இதனை முதலில் கண்டனர். 1947-இல் லெர்னர், வாட்சன் ஆகியோர் இப்புரதங்களுக்குக் 'கிரையோகுளோபுலின்' என்று பெயர் சூட்டினர். 1966-இல் மெல்ட்சரும் பிராங்க்ளினும், இப்புரதம் உள்ள சிலருக்குக் கால்களில் ஊதா நிறத் தடிப்புகள், மூட்டுவலி, தளர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை விளக்கினர். ஆனால் காரணம் என்ன? பலருடைய நோய்க்கு அன்று விடை இல்லை.

விடை 1989-க்குப் பிறகே கிடைத்தது. அவ்வாண்டில்தான் ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் கண்டறியப்பட்டது. குருதி வழியாகப் பரவும் இவ்வைரஸ் கல்லீரலில் பல்லாண்டுகள் ஓசையின்றித் தங்கவல்லது. காரணம் தெரியாதவை என்று ஒதுக்கி வைத்த கிரையோகுளோபுலின் நோயாளிகளின் குருதியைச் சோதித்தபோது, மிகப் பெரும்பாலோரிடம் இவ்வைரஸ் இருந்தது! 1992-இல் ஆக்னெல்லோவும் அவருடைய உடனுழைப்பாளர்களும் வீழ்படிவையே தனியே எடுத்து ஆராய்ந்தனர். வைரசின் ஆர்.என்.ஏ. அதில் மிகுதியாகச் செறிந்திருக்கக் கண்டனர்.

எதிர்ப்பொருளுக்கு எதிர்ப்பொருள்

வைரஸ் உடலில் புகுந்தால் பி வெள்ளணுக்கள் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன என்பது நாம் அறிந்ததே. பகைவன் விரைவில் ஒழிந்தால் அவ்வணுக்களும் ஓய்வு பெறும். பகைவன் இருபது ஆண்டுகள் அகலாவிட்டால்? ஓய்வின்றித் தூண்டப்படும் அணுக்களில் சில தடம் மாறுகின்றன. அவை உண்டாக்கும் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள், வைரசை விட்டுவிட்டு, ஐ.ஜி.ஜி. என்னும் மற்றோர் எதிர்ப்பொருளையே பற்றிக்கொள்கிறது. திருடனைப் பிடிக்கப் போன காவலரை மற்றொரு காவலர் பிடித்துக்கொள்வது போலத்தான். இத்தகைய எதிர்ப்பொருளுக்கு 'ருமட்டாய்டு காரணி' என்று பெயர்.

ஐ.ஜி.எம். சிறிய மூலக்கூறு அன்று, ஐ.ஜி.ஜி.யைப் போல் ஆறு மடங்கு எடையுள்ளது. இரண்டும் பிணைந்த பெருந்திரள்கள் சிறு குருதிக் குழாய்களின் சுவர்களில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. தோலில் தடிப்பு, நரம்பில் மரமரப்பு, சிறுநீரகத்தில் கேடு எல்லாம் இதன் விளைவே. பெயரில் குளிர் இருப்பதால் குளிர்தான் குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது. சிறுநீரகம் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. அங்கும் இக்கேடு நிகழ்கிறது அன்றோ?

நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் சி உள்ளவர்களில் பத்தில் நான்கைந்து பேரின் குருதியில் கிரையோகுளோபுலின் காணப்படுவதாகக் கூறுவர். அவர்களுள் சிறு பகுதியினருக்கே நோய்க்குறிகள் தோன்றுகின்றன.

சோதனைக் குழாயில் தோற்கும் இடம்

இனி, நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்திக்கு வருவோம். இப்புரதத்தைக் கண்டறியும் முறை கேட்பதற்கு எளிது. குருதியை எடுத்து உறைய விடுவர். மையவிலக்குப் பொறியில் சுழற்றிக் கட்டியை நீக்கி, தெளிந்த ஊநீரை மட்டும் 4 டிகிரியில் ஏழு நாள்கள்வரை வைத்திருப்பர். வீழ்படிவு தோன்றினால், 37 டிகிரிக்குச் சூடாக்கி அது கரைகிறதா என்று பார்ப்பர். கரைந்தால்தான் கிரையோகுளோபுலின். வீழ்படிவின் பருமன் ஊநீரில் எத்தனை விழுக்காடு என்பதை அளவுக் கோடிட்ட குழாயில் அளப்பதும் உண்டு. அக்குழாயின் பெயர் வின்ட்ரோப் குழாய். மேலே கண்ட அதே வின்ட்ரோப் தான்.

இதில் இடர் எங்கே? ஊநீரைப் பிரிக்கும் வரை குருதி 37 டிகிரியிலேயே இருந்தாக வேண்டும். ஊசிக்குழலையும் குப்பியையும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். வெந்நீர் உள்ள பிளாஸ்கில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். சுழற்றும் பொறியும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்சாதன அறை மேசையில் சற்று நேரம் கிடந்தாலும் போதும், புரதம் அப்போதே படியத் தொடங்கிவிடும். பிறகு அது குருதிக்கட்டியோடு சேர்ந்து கழிவுத் தொட்டிக்குப் போகும். மிஞ்சிய ஊநீரை ஒரு வாரம் அல்ல, ஒரு மாதம் குளிர வைத்தாலும் ஒன்றும் தோன்றாது. 'இல்லை' என்ற அறிக்கையோடு நோயாளி வீடு திரும்புவார். அவருடைய சிறுநீரகம் கெட்டுக்கொண்டே இருக்கும். பல லட்சம் ரூபாய்க் கருவிகளால் ஈடுசெய்ய முடியாத பிழை இது. ஒரு வெப்பமானியும் சிறிது அக்கறையும் இருந்தால் நேராது.

ஆகவே மருத்துவர்கள் வேறு இரு சான்றுகளையும் தேடுகின்றனர். ஒன்று, முன்னர்க் கூறிய ருமட்டாய்டு காரணி, அது மிகுந்திருக்கும். மற்றொன்று சி4 என்னும் துணைப் புரதம், அது குறைந்திருக்கும். எதிர்ப்பொருள் திரள்கள் படியும் இடங்களில் சி4 செலவாகிறது. பக்கத்துப் புரதமாகிய சி3 பெரும்பாலும் அவ்வளவு குறைவதில்லை. ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்திருக்க, கிரையோகுளோபுலின் மட்டும் 'இல்லை' என்று வந்தால், குருதியைச் சூடு ஆறாமல் மீண்டும் எடுத்துச் சோதிக்கச் சொல்வதே முறை. வீழ்படிவின் அளவு பெருகினால் நோயும் அதற்கேற்பப் பெருகும் என்று கணக்கிட முடியாது என்பதையும் நினைவிற்கொள்க.

தடம் மாறிய பி அணு ஒன்றே பல்கிப் பெருகினால், நிணநீர்ப் புற்றுநோய் தோன்றவும் இடமுண்டு. 2002-இல் பிரான்சு நாட்டு மருத்துவர்கள், மண்ணீரலைத் தாக்கும் அத்தகைய புற்றுநோயும் இவ்வைரசும் ஒருங்கே கொண்ட ஒன்பது பேருக்கு வைரசை ஒழிக்கும் மருத்துவம் செய்தனர். எழுவருக்கு வைரஸ் மறைந்தது. அவர்களிடம் புற்றுநோயும் பின்வாங்கியது!

2013-ஆம் ஆண்டிறுதியிலிருந்து வந்த புதிய மாத்திரைகள், பெரும்பாலும் எட்டு அல்லது பன்னிரண்டு வாரங்களில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரசை ஒழித்துவிடுகின்றன. பலருக்குத் தடிப்புகளும் மறைகின்றன. ஆயினும் சிலரிடம், வைரஸ் போன பின்னும், பழகிப்போன பி அணுக்கள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், அதே புரதத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அத்தகையோருக்கு வைரஸ் சோதனை 'இல்லை' என்று வந்தாலும், சிறுநீரையும் சி4 அளவையும் தொடர்ந்து பார்த்து வருகின்றனர்.