கணக்குப் பாடத்துக்கு எத்தனை பேர் வேண்டும்?

கணக்கில் பின்தங்கும் பிள்ளையைக் கரையேற்ற யார் வேண்டும்? நல்ல ஆசிரியர் என்போம். அம்மாவுக்கு இரவு வேலை, வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றால் ஆசிரியர் மட்டும் என்ன செய்வார்?

1980களின் இறுதியில் இந்தக் கேள்வி நம் சமூகத்தின் முன் நின்றது. இந்திய மாணவர்களின் தேர்ச்சி, குறிப்பாகக் கணிதத்தில், கவலை தந்தது. இந்தியர் கல்வி குறித்த நடவடிக்கைக் குழு ஒன்று அதை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1991இல் பிறந்ததுதான் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்.

அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர், பின்னாளில் அதிபரான எஸ்.ஆர். நாதன். அரசாங்கப் பணியை மருத்துவ சமூக சேவகராகத் தொடங்கியவர். தொழிலாளர் ஆய்வுப் பிரிவு, வெளியுறவு, தற்காப்பு அமைச்சுகள், நாளிதழ் நிறுவனம் எனப் பல இடங்களில் பொறுப்பு வகித்தவர். இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர். மருத்துவமனைக்குத் தெரிவது நோய்; தொழிற்சங்கத்துக்குத் தெரிவது சம்பளம்; கோயிலுக்குத் தெரிவது வேண்டுதல். மூன்றும் ஒரே வீட்டுக் கதையாக இருக்கலாம். பல துறையினரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அந்த வீடு முழுதாகக் கண்ணில் படும்.

கூடிப் பேசுவது எளிது. செலவை யார் ஏற்பது? இங்கேதான் சிண்டாவின் அமைப்பு கவனிக்கத்தக்கது. முதலாளி ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கிறார், மத்திய சேம நிதிக் கழகம் வசூலிக்கிறது, சங்கம் செலவிடுகிறது. சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். ஆகவே, சங்கத்தின் மீதுள்ள நம்பிக்கை மாதந்தோறும் தேர்வெழுதுகிறது.

சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் இயங்கும் சிண்டா, துணைப்பாட வகுப்புகளோடு நின்றுவிடவில்லை. குடும்பங்களுக்கு ஆலோசனையும் உதவியும் தருகிறது. சிறு பிள்ளைகளின் வீட்டுக்கே சென்று வாசிக்கப் பழக்கும் தொண்டூழியர்களும் அதில் உண்டு. மெண்டாக்கி, சீனர் மேம்பாட்டு உதவி மன்றம், யூரேசியர் சங்கம் ஆகியவற்றுடன் கைகோத்து, பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைக் கவனிக்கும் மாணவர் பராமரிப்பு நிலையங்களையும் நடத்துகிறது. இரவு வேலைக்குப் போகும் அம்மாவின் சிக்கல் எந்த இனத்துக்கும் தனிச்சொத்தில்லையே!

அடுத்த சம்பளச் சீட்டில் சிண்டா என்ற வரி இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் நீங்களும் இந்தக் கூட்டணியில் ஒருவர். பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாரத்தில் ஓரிரு மணி நேரம் மிச்சமிருந்தால், கேட்பதோடு நிற்கவும் வேண்டாம்.